தானாக விழுந்தேனாம்!

“வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து, நிலைதடுமாறித் தானாகக் கீழே விழுந்து காயமடைந்தார்.”

ஒரு காவல் நிலையத்தில் என்னைப் பற்றி எழுதிய வரி இது. போன கார்த்திகையில் எழுதினார்கள். இன்றைக்கும் பாதி ராத்திரியில் அது என்னை எழுப்பிவிடுகிறது. கை வலித்தால் போட்டுக்கொள்ள மாத்திரை தந்திருக்கிறார்கள். இந்த வரிக்கு என்ன போடுவது?

நான் மாமல்லபுரத்தில் கல் செதுக்குகிறவன். வயது 46. உளி பிடித்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. மூன்று மாதம் உழைத்த அம்மன் சிலையில், கடைசி நாள் ஒரு தட்டு கூடுதலாகத் தட்டினால் மூக்கு பெயர்ந்துவிடும். அப்புறம் அந்தக் கல்லைப் படிக்கல்லாகத்தான் போட வேண்டும். அவசரக்காரனுக்கும் அஜாக்கிரதைக்காரனுக்கும் எங்கள் பட்டறையில் இடமே கிடையாது. அப்படிப்பட்ட என்னைத்தான் ஒரு தாள் அஜாக்கிரதைக்காரன் என்கிறது. அதை எழுதியவர் அந்த இடத்தைப் போய்ப் பார்க்கவில்லை. வண்டியையும் பார்க்கவில்லை. இன்னொரு வண்டி மோதியதா என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப நீயா விழுந்துட்டு யார் மேலய்யா கேஸ் போடச் சொல்ற?” என்றார். சாலை மேல் போடுங்கள் என்று சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். வேலை முடிந்து திருக்கழுக்குன்றம் பக்கமாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். மாலை ஆறே முக்கால் இருக்கும். ஹெல்மெட் போட்டு, பட்டையையும் மாட்டியிருந்தேன். வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. மழைக்குப் பிறகு அந்தச் சாலை என்ன கதியில் கிடக்கிறது என்று தெரிந்தவன் எவனும் தாண்ட மாட்டான். எதிரே ஒரு பஸ் முழு வெளிச்சத்தையும் போட்டுக்கொண்டு வந்தது. கண் கூசிய அந்த இரண்டு நொடியில் முன் சக்கரம் ஜல்லியில் ஏறிவிட்டது. பிரேக்கைத் தொட்டேனா என்பதுகூட நினைவில் இல்லை. ஹேண்டில் கையை விட்டுப் போனதும், இடது கையை ஊன்றியதும் மட்டும் தெரியும். சாப்பாட்டு கேரியர் உருண்டு சாலை நடுவே போக, பின்னால் வந்த டெம்போ அதன்மேல் ஏறிப் போனது. எவர்சில்வர் நசுங்கிய அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான், அங்கே என் தலை கிடந்திருக்கலாம் என்று உறைத்தது.

அந்த இடத்தில் அதற்கு முந்தைய வாரம் ஒரு பள்ளம் இருந்தது. அதை மூடினார்கள். எப்படி மூடினார்கள் என்பதில்தான் குற்றமே இருக்கிறது. பள்ளத்தின் ஓரங்களைச் சதுரமாக வெட்டி, உள்ளே கிடக்கும் சேற்றையும் தூசியையும் கூட்டியெடுத்து, தார் தெளித்து, சூடான கலவையைக் கொட்டி, ரோலர் விட்டு அமுக்க வேண்டும். தார் வேலைக்குப் போகிற எந்தக் கூலியாளைக் கேட்டாலும் இதைச் சொல்வார். இங்கே ஈரம் காயாத குழியில் ஜல்லியைக் கொட்டி, மேலே கொஞ்சம் தாரை ஊற்றி, மண்வெட்டியின் முதுகால் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பேட்ச் ஒர்க் முடிந்ததாம். அமுக்குகிற வேலையைப் பஸ்ஸும் லாரியும் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தார்கள் போல. அவை அமுக்கவில்லை, பெயர்த்தன. மூன்றே நாளில் பள்ளம் பழையபடி பள்ளமாகி, அதிலிருந்த ஜல்லி முழுக்க இருபதடி நீளத்துக்குச் சாலைமேல் பரவிவிட்டது. ஒரு சிவப்புத் துணி கட்டவில்லை, ஒரு பலகை நடவில்லை, ஒரு காலி டிரம்மைக்கூடக் கவிழ்த்து வைக்கவில்லை.

ஜல்லி எனக்குப் புதுசு இல்லை. நான் உளி வைக்கிற கருங்கல்லின் நொறுங்கல்தான் அது. கிரஷரில் உடைபட்ட ஜல்லிக்கு எல்லாப் பக்கமும் முனை இருக்கும். தாரில் பதிந்து, மேலே பாரம் ஏறினால் அந்த முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். சாலைக்குப் பலமே அந்தக் கவ்வல்தான். அதே ஜல்லி தாரை விட்டு உதிர்ந்து, கெட்டியான தரைமேல் பரவினால், டயரைத் தரையைத் தொட விடாது. டயர் கல்மேல் நிற்கும், கல் உருளும். நான்கு சக்கரக்காரருக்கு அடியில் சடசடவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டு சக்கரத்தில் போகிறவனுக்கு முன் சக்கரத்தின் பிடிதான் உயிர். உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு ரப்பர்த் துண்டு தரையில் பதிந்திருக்கும் வரைதான் அவன் நேராகப் போகிறான். அந்தத் துண்டுக்கு அடியில் நாலு கல்லை உருட்டிவிட்டு, “தானாக விழுந்தான்” என்று எழுதுகிறார்கள்.

இந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஜல்லி ஒன்றுதான் எமன் என்றும் இல்லை. குவாரி லாரிகள் தார்ப்பாய் கட்டாமல் சிந்திப் போகும் எம்-சாண்ட் வளைவுகளில் சேரும். கடற்கரையோரம் காற்றடித்தால் மணல் சாலைமேல் படியும். மேலே மேலே தார் போட்டு உயர்ந்துபோன சாலைக்கும் ஓர மண்ணுக்கும் நடுவே முக்கால் அடி இறக்கம் இருக்கும். பஸ் ஒதுக்கினால் அதில் இறங்கத்தான் வேண்டும். திரும்ப ஏறும்போது டயர் அந்த விளிம்பை உரசிக்கொண்டே போய்ச் சாய்த்துவிடும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத் தார் போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. வீடுகள் சாலையை விடத் தாழ்ந்து போகாது. ஆனால் சுரண்டிய சாலையை அப்படியே வாரக்கணக்கில் போட்டு வைத்தால், நீளவாக்கில் உழுத அந்தக் கோடுகள் பைக்கின் டயரைப் பிடித்து இழுப்பதை யார் பார்க்கிறார்கள்? மழையைக் காரணம் சொல்கிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்யும் என்று ஏரிகள் நிறைந்த எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் பால்குடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலே மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. தெரிந்தே வருகிற மழைக்குத் தாங்காத சாலையைப் போட்டுவிட்டு மழைமேல் பழி போடலாமா?

மணிக்கட்டு முறிந்திருந்தது. அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை 2021 டிசம்பர் 18இல் எங்கள் மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கினார்கள். மருந்துக்கும் மாவுக்கட்டுக்கும் என்னிடம் யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. அந்த நன்றியை மறைத்துப் பேச மாட்டேன். அடிபட்டவனைக் காப்பாற்ற அரசிடம் இவ்வளவு மனசு இருக்கிறது. அவன் அடிபடாமல் இருக்க ஒரு ரோலர் வராமல் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சாக, “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு” என்றார்கள். அன்பில் சொன்னார்கள். ஆனால் தலைப்பாகைக்கு என்ன விலை என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன், கேளுங்கள்.

வண்டி 2019இல் வாங்கிய ஸ்பிளெண்டர். ஃபோர்க் இரண்டும் வளைந்து, அவற்றைப் பிடித்திருக்கும் ‘டீ’யும் திருகியிருந்தது: 4,200 ரூபாய். முன் ரிம் அடிவாங்கிவிட்டது: 2,900. ஹெட்லைட், வைசர், மீட்டர்: 3,100. டேங்கில் விழுந்த சொட்டையை எடுத்து பெயிண்ட் அடிக்க 1,500. கிளட்ச் லிவர், இண்டிகேட்டர், ஃபுட்ரெஸ்ட், கண்ணாடி என்று சில்லறையாக 1,400. லேபர் 1,800. மொத்தம் 14,900. உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 ஆகக் குறைந்தது 2025 செப்டம்பரில்தான். குறைந்த பிறகும் இதுதான் கணக்கு. பில்லை நீட்டிய மெக்கானிக் தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. “அண்ணே, அந்த எடத்துல வுயுந்து வந்த மூணாவது ஃபோர்க்கு இது. நான் என்னண்ணே பண்ணட்டும்?” என்றான். அவனை நான் குறை சொல்லவில்லை. வளைந்த ஃபோர்க்கைத் தட்டி நிமிர்த்தினால் செலவு பாதியாகும் என்று நானேதான் கேட்டேன். அவன்தான் மறுத்துவிட்டான். “நிமித்துன ஃபோர்க்கு அடுத்த பள்ளத்துல முறியும்ணே, வேணாம்.”

இன்சூரன்ஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது பைக்குக்கு ஐந்து வருஷம் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், அதைச் சேர்த்தே கட்டினேன், முடிந்ததும் புதுப்பித்தேன். சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பீடு முதல் வருஷத்தோடு முடிந்தது, என் போன்றவர்களில் பலர் அதைப் புதுப்பிப்பதில்லை. மூன்றாம் நபர் காப்பீடு நான் யாரையாவது இடித்தால் அவருக்குக் கொடுக்கும். எனக்குக் கொடுக்காது. ஓட்டுகிற உரிமையாளருக்கு என்று 15 லட்ச ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. செத்தால் அல்லது நிரந்தரமாக உறுப்பு போனால்தான் அது வரும். மணிக்கட்டு முறிந்து கூடியவனுக்கு அதில் இடமில்லை. முழுக் காப்பீடு வைத்திருந்தால் மட்டும் என்ன? ஐந்து வருஷம் தாண்டிய வண்டியின் உலோகப் பாகத்துக்கு நூற்றுக்கு 40ஐயும், பிளாஸ்டிக், ரப்பருக்குப் பாதியையும் தேய்மானம் என்று கழிப்பார்கள். அப்போதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என் கையைக் கடித்திருக்கும். தேய்ந்தது வண்டி மட்டும்தானா? சாலையின் தேய்மானத்தை யார் கணக்கில் கழிப்பது?

வண்டிக் கணக்கு சின்னது. என் கூலி நாளுக்கு 1,000 ரூபாய். பதினொரு வாரம் பட்டறைக்குப் போகவில்லை. 66 நாள், 66,000 ரூபாய். மனைவியின் தோடும் செயினும் அடகுக் கடையில் இருக்கின்றன. வலது கை சுத்தி பிடிக்கும், இடது கைதான் உளி பிடிக்கும். வலது கை நன்றாக இருக்கிறதே என்று ஆறுதல் சொன்ன நண்பருக்கு இதை எப்படி விளக்குவேன்? ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் உளி வழியாக இடது மணிக்கட்டில்தான் இறங்கும். இப்போது பத்து அடிக்கு ஒரு தடவை உளியைக் கீழே வைக்கிறேன். கண் திறக்கிற நுணுக்க வேலையை எனக்குத் தருவதில்லை. தளம் தட்டுகிற வேலை தருகிறார்கள், சின்னப் பையன்கள் பழகுகிற வேலை. மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாங்கள் பட்டறையில் இனிப்பு கொடுத்துக் கொண்டாடினோம். அந்தக் குறியீட்டைத் தாங்குகிற கை இந்தக் கைதானே?

ஒரு வக்கீலிடம் போனேன். நல்ல மனுஷர், பணம் வாங்கவில்லை. வேறொரு வாகனம் இல்லாததால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் உங்களுக்கு வழக்கு நிற்காது என்றார். சாலை போட்டவர்களைக் கேட்கச் சட்டம் இல்லையா என்றேன். இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு. சாலையைத் தரப்படி அமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டு, அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரியோ ஒப்பந்ததாரரோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் கட்ட வேண்டும். அந்தச் சாலையின் நிலை அவருக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்திருக்க முடியுமா, எச்சரிக்கைப் பலகை வைத்தாரா என்றெல்லாம் நீதிமன்றம் பார்க்க வேண்டுமாம். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் கதையை நேரில் பார்த்து எழுதியதுபோல இருந்தது. அடுத்த வரியையும் படித்தேன். அந்த அபராதம் அடிபட்டவனுக்குப் போகாது. அரசின் விபத்து நிதிக்குப் போகும்.

நான் ஹெல்மெட் இல்லாமல் போனால் நின்ற இடத்தில் 1,000 ரூபாய் அபராதம். வண்டி எண்ணைப் படம் பிடித்து வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். அது சரிதான், என் உயிரைக் காத்ததே அந்த ஹெல்மெட்தான், கீறிக் கிடக்கிற அதை வீட்டில் மாட்டி வைத்திருக்கிறேன். ஆனால் பள்ளத்தின் படத்தைப் பிடிக்க எந்தக் கேமராவும் இல்லையா? வண்டி வாங்கிய அன்றே விலையில் நூற்றுக்கு 8 ரூபாய் ஆயுள் வரி கட்டியவன் நான். ஆறு வருஷமாக ஊற்றிய ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் சாலைக்கென்று செஸ் கட்டியிருக்கிறேன். என் பங்கை முன்கூட்டியே வாங்கிக்கொண்டவர்கள் என்னிடமே “வேகமாக வந்தாய்” என்கிறார்கள்.

இந்த ‘அதிவேகம்’ என்ற சொல் எவ்வளவு பேரை விழுங்கியிருக்கிறது என்று யோசிக்கிறேன். 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், நாட்டிலேயே அதிகம். செத்தவர்கள் 17,884 பேர். அதே வருஷம் நாடு முழுக்க நடந்த சாலைச் சாவுகளில் பத்தில் ஏழுக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. பள்ளத்தால் செத்தவர்கள் 1,856 பேர் என்கிறது. நான் செத்திருந்தால் என்னை எந்தக் கணக்கில் சேர்த்திருப்பார்கள்? அதிவேகத்தில்தான். என் தாளில் அப்படித்தானே எழுதியிருக்கிறது? பள்ளம் தன் கணக்கை என் பெயரில் எழுதிக்கொண்டு போயிருக்கும்.

எலும்பு முறிந்தவர்களை நாள்தோறும் பார்த்துப் பார்த்து மனசு பொறுக்காமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவரும் ஒரு தமிழர்தான். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன். 2012இல் அவர் போட்ட வழக்கில்தான் சாலைப் பாதுகாப்புக்கென்று நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது. 2013 முதல் 2017 வரை பள்ளங்களால் மட்டும் 14,926 பேர் செத்திருக்கிறார்கள் என்ற கணக்கு 2018இல் அந்த வழக்கில் வெளியே வந்தபோது, எல்லையில் சாவதைவிட இது அதிகமாக இருக்கும் என்று நீதிபதிகளே கலங்கினார்கள். மும்பையில் 2025 அக்டோபரில் உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. பள்ளத்தால் செத்தவரின் குடும்பத்துக்கு 6 லட்சம், காயமடைந்தவருக்கு 50,000 முதல் இரண்டரை லட்சம் வரை, அதையும் பொறுப்பானவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று சொன்னது. இங்கிலாந்தில் 1980ஆம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டப்படி, சாலையைச் சரியாக வைத்திருக்கும் கடமை அந்தந்த நிர்வாகத்துக்கு உண்டு. பள்ளத்தில் ரிம் வளைந்தால் சாதாரண ஆள் மனு எழுதி நஷ்டத்தைக் கேட்கிறார். அது பிச்சை இல்லை. எனக்கும் வேண்டும் என்று கேட்கிறேன். மும்பைக்காரரின் எலும்புக்கு ஒரு விலை, செங்கல்பட்டுக்காரனின் எலும்புக்கு விலையே இல்லையா?

முடியாது என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். முடிந்ததை என் கண்ணால் பார்த்தவன் நான். 2019 அக்டோபரில் சீன அதிபர் வந்தபோது எங்கள் ஊர்ச் சாலைகள் கண்ணாடி மாதிரி ஆயின. 2022இல் செஸ் ஒலிம்பியாட் வந்தபோது பூஞ்சேரிப் பக்கம் ராத்திரி பகலாக வேலை நடந்தது. ரோலர் வந்தது, கூட்டுகிற வண்டி வந்தது, பெயிண்ட் கோடு வந்தது. அந்த வாரங்களில் பட்டறைக்குப் போன நாங்கள் உண்மையிலேயே சந்தோஷப்பட்டோம். விருந்தாளிக்குக் கோலம் போடுவது நம் வழக்கம்தான். வீட்டில் இருக்கிற பிள்ளை வழுக்கி விழுகிற இடத்தில் மட்டும் எண்ணெயை ஊற்றி வைக்கலாமா?

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. ஒரு விபத்து நடந்தால் வண்டியை மட்டும் பார்க்காமல் தரையையும் குனிந்து பாருங்கள். ஜல்லி கிடந்ததா, எத்தனை அடிக்குக் கிடந்தது, பலகை இருந்ததா, கடைசியாக யார் அடைத்தார்கள் என்று எழுதுங்கள். நான்கு கேள்வி. அதற்கு அந்தத் தாளில் ஒரு கட்டம் போதும். அந்தக் கட்டம் இல்லாததால்தான் நான் குற்றவாளியாக நிற்கிறேன்.

போன வாரம் அதே சாலையில், அந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு டிவிஎஸ் எக்செல் சாய்ந்து கிடந்தது. கொக்கிலமேட்டில் மீன் எடுத்து ஊர் ஊராக விற்கிற அக்கா. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். கூடை கவிழ்ந்து நெத்திலியும் காரப்பொடி மீனும் ஜல்லியோடு ஜல்லியாகக் கலந்து கிடந்தன. வண்டியைத் தூக்கி நிறுத்தப் போன என்னிடம், “அவசரமா வந்துட்டேன் தம்பி, நானாத்தான் வுயுந்துட்டேன். என் தப்புதான்” என்றார்.

எனக்கு என்ன ஆயிற்றோ, நடுச்சாலையில் நின்று கத்திவிட்டேன். “நீ விழலக்கா! உன்னைத் தள்ளிவிட்டிருக்காங்க! வா, ஸ்டேஷனுக்குப் போலாம், நான் சாட்சி சொல்றேன்!”

அவர் என்னைப் பயந்துபோய்ப் பார்த்தார். பிறகு முந்தானையை முழங்கையில் சுற்றிக்கொண்டே குனிந்தார். “வெயில் ஏறுதுப்பா. மீனு கெட்டுப்பூடும். மொதல்ல பொறுக்கிப் போடு.”

நானும் உட்கார்ந்தேன். கல்லுக்கு நடுவிலிருந்து ஒவ்வொரு நெத்திலியாக எடுத்துக் கூடையில் போட்டோம். இடது கையால் எடுக்கப் பார்த்தேன். விரல்கள் அவ்வளவு சின்ன மீனைப் பிடிக்கிற அளவுக்கு இன்னும் மூடவில்லை.